எரிந்த காசினோ, மூடிய ஹோட்டல்: டீப் பர்ப்பிள் பதிவுகளின் கதை

1971 டிசம்பர். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக் கரையில் இருக்கும் மாந்த்ரூ நகரம். குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்திவைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுக்க இல்லை, சத்தத்தை அடக்க. தாழ்வாரத்தில் டிரம்ஸ், மைக், ஆம்ப்ளிஃபயர். அங்கிருந்து கேபிள்கள் வளைந்து நெளிந்து வெளியே நிற்கும் ஒரு லாரிக்குப் போகின்றன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தனக்காகக் கட்டி, மற்றவர்களுக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த நடமாடும் ஒலிப்பதிவுக்கூடம் அது. வாசித்ததைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அறை அறையாகப் புகுந்து, பால்கனிகளைத் தாண்டி, குளிரில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். சில தடவை போய்ப் பார்த்தார்கள். அப்புறம் போவதையே விட்டுவிட்டார்கள். சரியாக வந்ததா இல்லையா என்பது வாசிக்கும்போதே தெரிந்தால்தான் உண்டு.

அப்படி உருவானதுதான் பிரிட்டிஷ் ராக் குழுவான டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்'. ஹார்ட் ராக் என்றால் என்ன என்று கேட்பவர் கையில் கொடுக்கக்கூடிய நான்கைந்து ஆல்பங்களில் ஒன்று. இவ்வளவு அசௌகரியத்தில் எப்படி இவ்வளவு நல்ல பதிவு வந்தது என்று ரசிகர்கள் வியப்பதுண்டு. அந்த அசௌகரியத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. ஏழே மாதம் கழித்து அதே லாரியை வைத்துக்கொண்டு அதே ஐந்து பேர் ரோமில் திணறினார்களே, அதற்கு என்ன சொல்வது? அதைப் பார்க்கக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் குழுவுக்கு முதலில் யோசித்த பெயர் 'ரவுண்டபவுட்'. 'தி சர்ச்சர்ஸ்' குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கர்டிஸின் யோசனை அது. குடை ராட்டினம் மாதிரி கலைஞர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது கணக்கு. பணம் போட லண்டன் வியாபாரிகள் சிலர் முன்வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ராட்டினத்திலிருந்து முதலில் இறங்கியவர் கர்டிஸ்தான். ஆனால் அவர் கூட்டி வந்த இருவர் தங்கிவிட்டார்கள்: ஆர்கன் கலைஞர் ஜான் லார்ட், கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர். டிரம்ஸுக்கு இயன் பெய்ஸ், பாடுவதற்கு ராட் எவன்ஸ், பேஸ் கிட்டாருக்கு நிக் சிம்பர் சேர, 1968-இல் ஹெர்ட்ஃபோர்டில் குழு உருவானது. பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த 'டீப் பர்ப்பிள்' என்ற பழைய பாட்டின் பெயரே குழுவுக்குப் பெயராயிற்று.

ஆட்கள் இத்தனை முறை மாறியதால் ரசிகர்கள் குழுவின் ஒவ்வொரு அவதாரத்துக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். மேலே சொன்னது மார்க் 1. அடுத்தது மார்க் 2, இப்படியே போகும். டீப் பர்ப்பிளைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால், எந்த மார்க் என்பதுதான் முதல் கேள்வி.

மார்க் 1 ஒன்றரை ஆண்டில் மூன்று ஆல்பம் போட்டது. ஜோ சவுத் எழுதிய 'ஹஷ்' பாட்டை இவர்கள் பாணியில் பதிவு செய்தது அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது; சொந்த நாட்டில் அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. இந்த மூன்று ஆல்பங்களிலும் திறமை இருக்கிறது, திசை இல்லை. ஒரு பாட்டில் மேற்கத்திய சாஸ்திரிய இசை எட்டிப் பார்க்கும், அடுத்ததில் பீட்டில்ஸ். எவன்ஸின் மென்மையான குரல் மெதுவான பாடல்களுக்குப் பொருந்தியது. பிளாக்மோர் தேடியது கூரையைப் பிய்க்கும் குரல்.

அது கிடைத்த விதம் அவ்வளவு நாகரிகமானதில்லை. 1969 கோடையில் பழைய ஆட்களோடு கச்சேரிகள் நடந்துகொண்டிருக்கும்போதே, 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவிலிருந்து பாடகர் இயன் கில்லனையும் பேஸ் கிட்டார் கலைஞர் ராஜர் குளோவரையும் அழைத்துவந்து ரகசியமாக ஒத்திகை பார்த்தார்கள், ஒரு சிங்கிளே (தனிப் பாட்டாக வெளியிடும் இசைத்தட்டு) பதிவு செய்தார்கள். எவன்ஸுக்கும் சிம்பருக்கும் விஷயம் பிறகுதான் தெரியவந்தது. இந்தக் குழுவிலிருந்து வெளியேறிய பலருக்குக் கௌரவமான வழியனுப்பு கிடைத்ததில்லை. அந்தப் பழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது.

மார்க் 2-இன் முதல் பெரிய மேடை ஒரு விசித்திரம். 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், மால்கம் ஆர்னால்ட் நடத்திய ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு சேர்ந்து, லார்ட் எழுதிய மூன்று பகுதி கான்செர்ட்டோ ஒன்றை வாசித்தார்கள். பத்திரிகைகள் எழுதின, பெயர் பரவியது. பிளாக்மோருக்கோ எரிச்சல்: வயலின் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற குழு என்று நம்மை முத்திரை குத்திவிடுவார்களே! (இன்னொரு விஷயம். அந்த கான்செர்ட்டோவின் கையெழுத்துப் பிரதி 1970-இல் தொலைந்துபோனது. மார்கோ டி ஹூய் என்ற டச்சு இசையமைப்பாளர் ஒலிப்பதிவையும் படத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும், லார்டின் உதவியோடு முழுவதையும் மீட்டெழுதினார். 1999-இல் அதே அரங்கில் அது மறுபடியும் ஒலித்தது.)

அடுத்த ஆல்பம் பிளாக்மோர் சொன்ன வழியில்: சத்தமாக, வேகமாக. அது எடுபடாவிட்டால் ஆர்கெஸ்ட்ராவோடு போகலாம் என்பது பேச்சு. 1970 ஜூனில் 'இன் ராக்' வந்தது. ஆர்கெஸ்ட்ரா பேச்சு அதோடு முடிந்தது. அட்டையில் ரஷ்மோர் மலையில் அமெரிக்க அதிபர்களுக்குப் பதிலாக இந்த ஐந்து பேரின் முகம். அடக்கம் என்பதே இல்லை, அட்டையிலும் சரி, உள்ளேயும் சரி.

இங்கே சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஹார்ட் ராக் என்றால் கிட்டார் முன்னே நிற்கும், மற்றவை பின்னே. டீப் பர்ப்பிளில் ஆர்கனும் முன்னே வந்து மல்லுக்கு நிற்கும். ஹாமண்ட் ஆர்கனைப் பொதுவாக லெஸ்லி என்கிற சுழலும் ஸ்பீக்கர் பெட்டியில் இணைப்பார்கள். தேவாலயத்திலும் ஜாஸ் விடுதியிலும் கேட்கும் அந்த அலையலையான ஒலி அதிலிருந்து வருவது. லார்ட் அதை விட்டுவிட்டு, கிட்டாருக்கென்று செய்த மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் ஆர்கனை நேராகச் செருகினார். ஒலி கரகரத்தது, உறுமியது. பழக்கமில்லாத காதுக்கு எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரிப்பதே கஷ்டம். மெட்டு தேய்ந்த இடங்களில்கூட டீப் பர்ப்பிளை டீப் பர்ப்பிளாகக் காட்டுவது இந்த இரட்டை உறுமல்தான்.

'இன் ராக்'கில் பத்து நிமிடம் ஓடும் 'சைல்ட் இன் டைம்' அந்த ஆர்கனோடுதான் ஆரம்பிக்கிறது. மெட்டு இவர்களுடையது இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' குழுவின் 'பாம்பே காலிங்' என்ற வாத்தியப் பாட்டிலிருந்து எடுத்தது. அந்தக் குழுவும் சும்மா இருக்கவில்லை, இவர்களுடைய பழைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டது. கணக்கு நேராயிற்று. ஆனால் அந்தத் துள்ளல் மெட்டை மெதுவாக்கி, அதன்மேல் கில்லன் முணுமுணுப்பிலிருந்து வீறிடல் வரை படிப்படியாக ஏறுகிறாரே, அதை யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.

1971-இல் வந்த 'ஃபயர்பால்' சுற்றுப்பயணங்களுக்கு நடுவே கிடைத்த நாட்களில் துண்டு துண்டாகப் பதிவானது. இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தும் குழுவுக்குத் திருப்தியில்லை. முதல் பாட்டின் தொடக்கத்தில் ஏதோ எந்திரம் உயிர்பெறுவது போல் கேட்கும். அது ஸ்டூடியோவின் ஏர் கண்டிஷனரைப் போட்டபோது வந்த சத்தம். அந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாத்தியம் அதுதான் என்றால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.

அடுத்த ஆல்பத்தை ஸ்டூடியோவில் செய்யக் கூடாது, மேடையில் வாசிப்பது போலவே எல்லோரும் ஒரே இடத்தில் நின்று செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் மாந்த்ரூவுக்குப் போனார்கள். ஏரிக் கரையில் இருந்த காசினோ அரங்கு பருவம் முடிந்து காலியாகும். லாரியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வாசிக்கலாம். மாந்த்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கிய கிளாட் நாப்ஸ் ஏற்பாடு செய்திருந்தார். ஒரே ஒரு கச்சேரி பாக்கி: டிசம்பர் 4 அன்று அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய 'மதர்ஸ்' குழுவும். அது முடிந்தால் அரங்கு இவர்கள் கையில்.

கச்சேரி நடுவே பார்வையாளர் ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை பற்றிக்கொண்டது. ஸாப்பா பதறாமல் கூட்டத்தை வெளியே போகச் சொன்னார். நாப்ஸ் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை இழுத்து வந்தார். ஒருவரும் சாகவில்லை. காசினோ அடியோடு எரிந்தது, ஸாப்பா குழுவின் கருவிகளோடு. ஏரியின் மேல் புகை படர்ந்து கிடந்ததை டீப் பர்ப்பிள்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது குளோவர் வாயில் ஒரு சொற்றொடர் இருந்தது: 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'.

நாப்ஸ் அடுத்துப் பிடித்துக் கொடுத்த இடம் 'பெவிலியன்' என்ற பழைய அரங்கு, ஊருக்கு நடுவே. அங்கே ராத்திரியில் ஒரு புதிய ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் குட்டி கிட்டார் வாக்கியம்) வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, தூக்கம் கலைந்த ஊர்க்காரர்கள் புகார் செய்து போலீஸ் வந்துவிட்டது. மேடை உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே போலீஸ் இடிக்க, உள்ளே பாட்டின் வாத்தியப் பகுதி டேப்பில் ஏறி முடிந்தது. அதற்கப்புறம் அங்கே இடமில்லை. அலைந்து திரிந்து கடைசியில் கிராண்ட் ஹோட்டல், மெத்தை, தாழ்வாரம்.

ஆல்பம் முடியும் நேரத்தில் சில நிமிடம் குறைந்தது. பெவிலியனில் பதிவான அந்த வாத்தியப் பகுதி வரிகள் இல்லாமல் சும்மா கிடந்தது. குளோவர் தூக்கத்தில் முணுமுணுத்த சொற்றொடரை எடுத்து, அந்த மூன்று வாரத்தில் நடந்ததையெல்லாம் கில்லன் அப்படியே எழுதிவிட்டார்: ஏரிக்கரை, லாரி, ஸாப்பா, துப்பாக்கி, நாப்ஸ், காலியான ஹோட்டல். கவிதை என்று சொல்ல முடியாது, நாட்குறிப்பு. நடந்ததை நடந்தபடி சொன்னதால்தான் பழசாகவில்லையோ என்னவோ.

அந்த ரிஃப் நான்கே ஸ்வரம். ஜி-யை அடிப்படையாகக் கொண்ட புளூஸ் ஸ்வர வரிசையிலிருந்து நான்கு. ஒவ்வொன்றோடும் இன்னொரு ஸ்வரம் நான்காம் இடைவெளியில் ஒட்டிக்கொண்டே நகரும். கிட்டார் கடைகளில் புதிதாக வாசிக்கப் பழகுபவர்கள் எல்லோரும் இதைத்தான் கொல்கிறார்கள். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து மேலிருந்து கீழே தேய்த்தால் இரண்டு தந்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். பிளாக்மோர் விரலால் இரண்டையும் ஒரே நேரத்தில் பறிக்கிறார். ரிஃப் சொத்தென்று விழாமல் துண்டு துண்டாக நிற்பது அதனால். கட்டுமானமும் கவனிக்கத்தக்கது: முதலில் தனிக் கிட்டார், அப்புறம் டிரம்ஸில் பெய்ஸின் ஹை-ஹாட் (ஜோடித் தட்டு) தாளம், பிறகு லார்டின் கரகர ஆர்கன் அதே ரிஃப்பில் வந்து ஒட்டிக்கொள்கிறது, அதற்குப் பிறகே முழு டிரம்ஸும் பேஸும். ஒவ்வொருவராக அறைக்குள் வருவது போல இருக்கும். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் அந்த அறையை அறையாகவே விட்டுவைத்தார். அவர் பிற்காலத்தில் அயர்ன் மெய்டனின் ஆல்பங்களுக்கும் தயாரிப்பாளரானார்.

'மெஷின் ஹெட்' 1972 மார்ச்சில் வெளிவந்து இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது, அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை போனது. இதிலிருந்து எந்தப் பாட்டை முதலில் சிங்கிளாக வெளியிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? 'நெவர் பிஃபோர்'. இன்று அதை நினைவு வைத்திருப்பவர்கள் தீவிர ரசிகர்கள் மட்டுமே. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஆல்பத்தை நிரப்ப வந்த பாட்டு என்றுதான் அப்போது எண்ணம். அதை அமெரிக்காவில் சிங்கிளாக வெளியிட 1973 ஆகிவிட்டது. நான்காம் இடத்தைப் பிடித்தது.

நடுவில் ஜப்பான் வந்தது. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா, 17-இல் தோக்கியோவின் புடோகான் அரங்கு. ஜப்பானிய நிறுவனம் நேரடிப் பதிவு ஒன்று கேட்டது. குழுவுக்குப் பெரிய ஆர்வமில்லை, ஜப்பானில் மட்டும் விற்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். எட்டு ட்ராக் டேப், மேடையில் அதே பர்ச். பின்னால் ஸ்டூடியோவில் எதையும் சேர்க்கவில்லை, திருத்தவில்லை. கலவை (மிக்ஸிங்) வேலைக்கு வந்தவர்கள் குளோவரும் பெய்ஸும் மட்டும். இவ்வளவு அலட்சியமாகச் செய்த 'மேட் இன் ஜப்பான்' இரட்டை ஆல்பத்தில் மொத்தம் ஏழே பாட்டு. ஸ்டூடியோவில் நான்கரை நிமிடமாக இருந்த 'ஸ்பேஸ் டிரக்கின்' இங்கே இருபது நிமிடம், ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும். 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாட்டில் பிளாக்மோர் கிட்டாரில் ஒரு வாக்கியம் போடுவார், கில்லன் தொண்டையில் அதைத் திருப்பித் தருவார். இன்னும் மேலே போவார், இவரும் போவார். இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வமாகிக்கொண்டிருந்த காலம் அது என்று தெரிந்துகொண்டு கேட்டால் அந்த இடம் வேறு மாதிரி ஒலிக்கும். பாட்டுகளுக்கு நடுவே, எல்லாமே மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று கில்லன் ஒலி அமைப்பாளரிடம் கேட்பதும் பதிவாகியிருக்கிறது. வெறும் வேடிக்கைப் பேச்சில்லை: அதே ஆண்டு லண்டன் ரெயின்போ அரங்கில் 117 டெசிபெல் அளந்து, உலகிலேயே சத்தமான குழு என்று கின்னஸ் புத்தகம் இவர்களைப் பதிவு செய்தது.

சரி, ரோம். 1972 ஜூலையில், ஜப்பானுக்கு முந்தைய மாதம், அடுத்த ஆல்பத்துக்காக அங்கே தங்கினார்கள். வெயில், நீச்சல் குளம், அதே ஸ்டோன்ஸ் லாரி. ஆல்பத்தில் வைக்கத் தேறியது ஒரே பாட்டு, 'உமன் ஃப்ரம் டோக்கியோ'. மற்றவற்றை அக்டோபரில் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் அருகே முடித்தார்கள். 'ஹூ டு வி திங்க் வி ஆர்' 1973 ஜனவரியில் வந்தபோது, கில்லன் ராஜினாமாக் கடிதம் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இந்த ஆல்பத்தை மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டால் புரியும்: ஐந்து பேரும் நன்றாக வாசிக்கிறார்கள், தனித்தனியாக. லாரி என்ன செய்யும்? அறையில் இருப்பதைத்தான் அது பதிவு செய்யும். மாந்த்ரூவில் திரும்பக் கேட்க வழியில்லாததால் ஒருவரை ஒருவர் உற்றுக் கேட்டுக்கொண்டு வாசித்தார்கள். ரோமில் அந்த உற்றுக் கேட்டல் போய்விட்டது. மூன்று ஆண்டுகளாக ஓய்வில்லாமல் பயணம், உடல்நலக் கோளாறுகள், கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் நடுவே பனிப்போர். ஓய்வு கொடுத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று குழுவினரே பிறகு சொல்லியிருக்கிறார்கள். 1973 ஜூன் 29, ஒசாகா. மார்க் 2 முடிந்தது. கில்லனோடு குளோவரையும் அனுப்பிவிட்டார்கள்.

மார்க் 3-க்குப் பாடகர் விளம்பரம் மூலம் கிடைத்தார். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கவர்டேல், பெரிய மேடை அனுபவம் எதுவும் இல்லாதவர். பேஸ் கிட்டாருக்கு வந்த கிளென் ஹியூஸும் பாடகரே. மறுபடி மாந்த்ரூ, மறுபடி அதே லாரி. 'பர்ன்' 1974-இல் வந்தது. அதன் தலைப்புப் பாட்டில் பெய்ஸ் டிரம்ஸை நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே இருப்பார். புதியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற வெறி எல்லோருக்கும் இருந்தது தெரிகிறது. அந்த ஏப்ரலில் கலிஃபோர்னியா ஜாம் இசை விழா மேடையில் பிளாக்மோர் தொலைக்காட்சிக் கேமராவைக் கிட்டாரால் குத்தி, ஆம்ப்ளிஃபயருக்குத் தீ வைக்கச் செய்தார். அடுத்த ஆல்பமான 'ஸ்டார்ம்பிரிங்கர்' அமெரிக்கக் கறுப்பின இசைப் பாணிகளான ஃபங்க், சோல் பக்கம் சாய, அவர் விலகி 'ரெயின்போ' குழுவைத் தொடங்கினார்.

அவர் இடத்துக்கு வந்த அமெரிக்கர் டாமி போலின் அற்புதமான கலைஞர். 'கம் டேஸ்ட் த பேண்ட்' ஆல்பத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள். தயவுசெய்து டீப் பர்ப்பிள் என்ற பெயரை மறந்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். போதைப் பழக்கம் போலினையும் ஹியூஸையும் மேடையில் காலை வாரியது. 1976 மார்ச் 15, லிவர்பூல். அதோடு குழு கலைந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 4 அன்று போலின் மயாமியில் இறந்தார், 25 வயதில். மாந்த்ரூ தீ எரிந்து சரியாக ஐந்து ஆண்டு.

1980-இல் ஒரு கூத்து. டீப் பர்ப்பிள் என்ற பெயரில் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் ஒரு குழு கச்சேரி செய்தது. அதில் உண்மையான பழைய உறுப்பினர் ராட் எவன்ஸ் ஒருவரே. வழக்கு நடந்து 6,72,000 டாலர் நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. எவன்ஸ் பழைய ஆல்பங்களுக்கான ராயல்டியையும் இழந்தார். அதற்கப்புறம் அவரைப் பொது மேடையில் யாரும் பார்க்கவில்லை.

1984-இல் மார்க் 2 திரும்பக் கூடியது. வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோவ் என்ற ஊரில் மீண்டும் ஒரு நடமாடும் பதிவுக்கூடம், மீண்டும் ஒரே இடத்தில் ஐந்து பேர். 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தலைப்புப் பாட்டில் லார்டின் ஆர்கன் தொடங்கும் இடம் ஒன்று போதும், பதினொரு ஆண்டு இடைவெளி மறந்துபோகும். ஆனால் ஒற்றுமை நீடிக்கவில்லை. கில்லன் 1989-இல் வெளியேற்றப்பட்டார், 1992-இல் திரும்பினார், 1993 நவம்பரில் சுற்றுப்பயணத்தின் நடுவே பிளாக்மோர் விலகினார், இந்த முறை நிரந்தரமாக. ஜப்பான் கச்சேரிகளைக் கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானி வந்து காப்பாற்றிக்கொடுத்தார்.

பிறகு வந்த கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மோர்ஸ் 1994 முதல் 2022 வரை இருந்தார், பிளாக்மோரின் மொத்தக் காலத்தைவிட அதிகம். சண்டை இல்லாத டீப் பர்ப்பிள் எப்படி இருக்கும் என்று கேட்க விரும்புபவர்களுக்கு 1996-இன் 'பர்பெண்டிகுலர்'. லார்ட் 2002-இல் ஓய்வு பெற்று 2012-இல் மறைந்தார். ஆர்கனில் அவர் இடத்துக்கு டான் ஏரி வந்தார். பாப் எஸ்ரின் தயாரிப்பில் 2013 முதல் வந்த ஆல்பங்கள் தரமானவை, ஆனால் பழைய உறுமல் எதிர்பார்த்தால் ஏமாறலாம். 2024-இன் 'ஈக்வல்ஸ் ஒன்' சைமன் மெக்பிரைட் கிட்டாரில் கொஞ்சம் சூடேறியிருக்கிறது. எல்லா மார்க்குகளிலும் இருந்தவர் டிரம்ஸ்காரர் பெய்ஸ் ஒருவர் மட்டுமே. 2016-இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் சேர்த்தபோது முதல் மூன்று மார்க்குகளின் ஆட்களை எடுத்துக்கொண்டு, நிக் சிம்பரை மட்டும் விட்டுவிட்டார்கள். ராட் எவன்ஸ் பெயர் இருந்தது, ஆள் வரவில்லை.

2024 மார்ச்சில் 'மெஷின் ஹெட்' புதிய கலவையோடு பெட்டித் தொகுப்பாக வந்தது. தீப்பிடிப்பதற்குச் சில மாதம் முன்பு, 1971 ஏப்ரலில், மாந்த்ரூவில் இவர்கள் செய்த கச்சேரியின் பதிவும் அதில் இருக்கிறது. பழைய டேப்புகளை எடுத்துப் புதிய கலவை செய்தவர் டிவீசில் ஸாப்பா. அன்று மேடையில் நின்று கூட்டத்தை வெளியே போகச் சொன்னவரின் மகன்.